அடிக்குறிப்பில் பிறந்த உரிமைகள்

1991-ம் ஆண்டு. செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்த ஒருவர் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். முடித்தபோது சுமார் 300 பக்கம் வந்தது. ஆறு கொலைகளுக்காக விசாரிக்கப்பட்ட ஆட்டோ சங்கர்தான் அவர். அந்த ஆண்டு மே 31 அன்று செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே கையெழுத்துப் பிரதி வெளியே வந்ததாகவும், சில ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளோடு சங்கருக்கு இருந்த நெருக்கம் அதில் பதிவாகியிருப்பதாகவும் சொன்ன ‘நக்கீரன்’ வார இதழ், அதைத் தொடராக வெளியிடப்போவதாக அறிவித்தது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆசிரியர் கோபால் தரப்பு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி.பி.ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி.சென் அமர்வு சொன்ன தீர்ப்பைப் படிக்காமல் இன்று எந்தச் சட்ட மாணவரும் அரசியல் சாசனத் தேர்வைத் தாண்ட முடியாது. ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. அதே சமயம், நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடலாம். அதிகாரிகளுக்கு அவதூறு என்று அஞ்சி, அச்சேறும் முன்பே ஒரு எழுத்தைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடையாது என்றது தீர்ப்பு. தனித்து விடப்படும் உரிமை என்பது, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21-வது பிரிவுக்குள்ளேயே அடக்கம் என்றும் சொன்னது.

தனித்து விடப்படும் உரிமை என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? 1890 டிசம்பர் 15 அன்று ‘ஹார்வர்டு லா ரிவ்யூ’ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. பாஸ்டன் நகரில் சேர்ந்து வழக்காடிய சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு இளம் வழக்கறிஞர்கள் எழுதியது. நொடியில் படம் பிடிக்கும் கேமராவும் வம்புச் செய்தி தேடும் பத்திரிகைகளும் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட காலத்தில், தன்னைத் தனியே விடச் சொல்லும் உரிமை மனிதருக்கு உண்டு, சட்டம் அதைக் காக்க வேண்டும் என்று வாதாடினார்கள். அந்த வாதம் அமெரிக்கத் தீர்ப்புகளில் மெல்ல மெல்ல ஊறி, 1975-ல் நம் உச்ச நீதிமன்றத்தின் கோவிந்த் வழக்குக்கு வந்தது. கோவிந்த் வழக்கிலிருந்து நக்கீரன் வழக்கு. பிறகு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று அறிவித்த புட்டசாமி தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு 1890-ம் ஆண்டுக் கட்டுரையைப் பெயர் சொல்லி விவாதிக்கிறது.

ஹார்வர்டு இதழை 1887-ல் தொடங்கியவர்கள் மாணவர்கள். எதை அச்சிடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்தவர்களும் அவர்களே. மருத்துவத்திலோ இயற்பியலிலோ பேராசிரியர்கள் கையில் இருக்கும் வேலையை, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் மாணவர்கள்தான் பார்க்கிறார்கள். இருபத்து சொச்சம் வயதுப் பிள்ளைகள் திருத்தி அச்சுக்கு அனுப்பிய ஒரு கட்டுரை, நூறாண்டுக்கு மேல் பயணம் செய்து 140 கோடிக்கும் மேற்பட்டோரின் அடிப்படை உரிமைக்குச் சான்றாகி நிற்கிறது. சட்ட இதழ்களின் மீது எனக்கு இருக்கும் மரியாதை முழுவதும் இங்கிருந்து தொடங்குகிறது.

நம் ஊரில் சட்ட இதழ் என்றதும் வக்கீல்களுக்கு நினைவுக்கு வருவது ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.சி., எம்.எல்.ஜே. தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் அறிக்கை இதழ்கள் இவை. நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை அவை சொல்லும். பல்கலைக்கழகச் சட்டத்துறை நடத்தும் ஆய்விதழின் வேலை வேறு. நீதிமன்றம் சொன்னது சரிதானா, சொல்லாமல் விட்டது எது, நாளை எதைச் சொல்லியாக வேண்டும் என்று அது கேட்கும். முதல் வகையில் சென்னை நாட்டின் முன்னோடி. மயிலாப்பூர் வக்கீல்கள் முன்னின்று ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ (எம்.எல்.ஜே.) தொடங்கியது 1891-ல். சென்னை சட்டக் கல்லூரி தனிக் கல்லூரியாக உருவானதும் 1891-ல். அமெரிக்காவில் ‘யேல் லா ஜர்னல்’ தொடங்கியதும் அதே 1891. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். சிறுவயதில் இறந்த அவர் மகன் டேவிட்டின் சமாதி, பாரிமுனையில் சென்னை சட்டக் கல்லூரி செயல்பட்ட வளாகத்துக்குள்தான் இருக்கிறது.

அதே 1891-ல்தான் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்தின் தாழ்த்தப்பட்ட மக்கள் நிலமில்லாமல் எப்படி அடிமைகளாக வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அரசுக்கு அறிக்கை எழுதினார். எந்த இதழுக்காகவும் எழுதியதல்ல அது. ஆனாலும் அந்தப் பத்தாண்டில் இந்த மண்ணைப் பற்றி எழுதப்பட்ட ஆகச் சிறந்த சட்ட ஆய்வு அதுதான் என்பேன். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணையும், அம்மக்களுக்கு அரசு ஒதுக்கிய, பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்லும் நிலமும் அந்த அறிக்கையின் விளைவுகள். தமிழ்நாடு முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப்போனது. 1994 அக்டோபர் 10 அன்று, நக்கீரன் தீர்ப்பு வந்த மூன்றாம் நாள், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கச் சொல்லிச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். ஒரே வாரத்தில், ஒரே ஊரோடு தொடர்புடைய இரண்டு நிகழ்வுகள். ஒன்று எல்லாச் சட்டப் புத்தகங்களிலும் இருக்கிறது. மற்றதை தலித் இயக்கங்கள்தான் ஆண்டுதோறும் நினைவில் வைத்திருக்கின்றன.

இனி கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம். அங்கே டச்சுக்காரர்கள் விட்டுப்போன கோட்டையும், செதுக்கு வேலைப்பாடு மிகுந்த கல்லறைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1754 ஜனவரியில் இங்கிலாந்துத் தரப்பும் பிரெஞ்சுத் தரப்பும் கர்நாடகப் போரை நிறுத்துவது பற்றிப் பேச இங்கேதான் உட்கார்ந்தன. டச்சு மண், நடுநிலை மண் என்பதால். முகலாய அரசு தங்களுக்குத் தந்ததாக பிரெஞ்சுக்காரர்கள் நீட்டிய சனதுகள் (உரிமைப் பட்டயங்கள்) செல்லுமா, அவை அசல்தானா என்ற சண்டையில் பேச்சு முறிந்தது. தென்னிந்தியாவை யார் ஆள்வது என்ற கேள்வியை, ஓர் ஆவணத்தின் செல்லுபடி குறித்த கேள்வியாக இந்தக் கடற்கரையில் வைத்து வாதாடியிருக்கிறார்கள்.

அந்த டச்சுக்காரர்களின் வக்கீல்தான் ஹ்யூகோ க்ரோஷியஸ். கடல் யாருக்கும் சொந்தமல்ல, எல்லோருக்கும் திறந்தது என்று 1609-ல் அவர் எழுதிய நூல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எழுந்த வாதம். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று ஐரோப்பா கொண்டாடும் அவர், இந்தியப் பெருங்கடலில் காலங்காலமாக நிலவிய திறந்த வணிக மரபைக் கண்டு கற்றிருக்க வேண்டும் என்று வாதாடிய அறிஞர் சென்னையில்தான் உட்கார்ந்திருந்தார். போலந்துக்காரரான சார்லஸ் ஹென்றி அலெக்சாண்ட்ரோவிச் 1951-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, சர்வதேச, அரசியல் சாசனச் சட்டத்துக்கான துறையை உருவாக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆசிய அரசர்களை ஐரோப்பியர் சரிசமமான இறையாண்மை உள்ளவர்களாகவே நடத்தி ஒப்பந்தம் போட்டார்கள், பின்னாளில்தான் அவர்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினார்கள் என்பது அவருடைய ஆய்வின் சாரம். அன்றைக்குப் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று எண்ணிப் பாருங்கள்.

1952-ல் அவர் ஓர் ஆண்டிதழ் தொடங்கினார். ‘இந்தியன் இயர் புக் ஆஃப் இன்டர்நேஷனல் அஃபேர்ஸ்’. கடைகளில் தொங்கிய இதழல்ல. நூலகங்களுக்குப் போனது, சில நூறு பேர் புரட்டியிருக்கலாம். 1961-ல் அவர் சென்னையை விட்டுப் போன பிறகும் இதழ் தொடர்ந்தது. அதன் 1966–67 தொகுதியில் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்டர் கான்ராட், அரசியல் சாசனத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார்.

கான்ராட்டுக்கு இந்தக் கேள்வி பொழுதுபோக்கு அல்ல. வைமர் அரசியல் சாசனத்தின் சொற்களுக்குள் நின்றபடியே 1933-ல் ஹிட்லர் அந்தச் சாசனத்தைச் சாகடித்ததை அவருடைய நாடு கண்டிருந்தது. அதனால்தான் 1949-ல் ஜெர்மனி தன் புதிய சாசனத்தில், சில அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்று எழுதிவைத்தது. 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் பேசியபோது அவர் சில கேள்விகளை அடுக்கினார். ஒரு திருத்தம் கொண்டுவந்து 21-வது பிரிவையே நீக்கிவிடலாமா? இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தான் என்றும் இரண்டாகப் பிரித்துவிடலாமா? முகலாயப் பேரரசரின் ஆட்சியைத் திரும்பக் கொண்டுவரலாமா? மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கை தூக்கினால் இவையெல்லாம் சட்டமாகிவிடுமா?

அந்த உரை வழக்கறிஞர் எம்.கே.நம்பியாரின் கைக்குக் கிடைத்தது. 1950-ல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனுக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்று தோற்றவர் அவர். 1967-ல் கோலக்நாத் வழக்கில் கான்ராட்டின் வாதத்தை எடுத்துவைத்தார். நீதிமன்றம் அதில் வலு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, முடிவெடுக்காமல் விட்டது. ஆறு ஆண்டு கழித்து கேசவானந்த பாரதி வழக்கு. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 1973 ஏப்ரல் 24 அன்று ஏழுக்கு ஆறு என்று நூலிழையில் வந்த தீர்ப்பு. நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனால் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைத் தகர்க்க முடியாது. அந்த ஏழில் தராசைச் சாய்த்தவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா. சாசனத்தால் உருவான ஓர் அமைப்பு, தன்னைத் தாங்கி நிற்கும் தூண்களையே இடிக்க முடியாது என்ற கான்ராட்டின் கருத்தைத் தன் தீர்ப்பில் எடுத்தாண்டார். அந்த வரி அச்சானது சென்னை ஆண்டிதழில்.

இந்தியக் குடியரசின் ஆகப்பெரிய பாதுகாப்புச் சுவருக்குக் கல் எடுத்த குவாரிகளில் ஒன்று, சேப்பாக்கம் கடற்கரையில் இருந்த ஒரு பல்கலைக்கழகத் துறையின் இதழ். 1989-ல் வங்கதேச உச்ச நீதிமன்றமும் இதே கோட்பாட்டை ஏற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெருமைகளைப் பட்டியலிடும்போது ராமனையும் சந்திரசேகரையும் சொல்கிறோம். இந்த இதழையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது சட்டக் கல்வி தெற்கே நகர்ந்துவிட்டது. பாரிமுனையில் இருந்த அந்தச் சட்டக் கல்லூரியை, இன்றைய டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியை, 2018-ல் பிரித்து, ஒரு பாதியைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் புதுப்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். மாணவர்கள் எதிர்த்துப் போராடியும் முடிவு மாறவில்லை. உயர் நீதிமன்றத்துக்கு அடுத்த கட்டடத்தில் படித்தவர்களுக்கு, அங்கே போய் வருவதே ஒரு நாள் வேலையாகிவிட்டது. செங்கல்பட்டு நகரத்தில் ஓர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., வண்டலூரில் கிரசென்ட், கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி. எனத் தனியார் பல்கலைக்கழகங்களின் சட்டப் பள்ளிகளும் இருக்கின்றன. ஒரே மாவட்டத்தில் இத்தனை.

ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் மாணவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால், அதன் பயன் புரியும். கட்டுரை வந்ததும் எழுதியவரின் பெயரை நீக்கிவிட்டு மதிப்பீட்டாளருக்கு அனுப்புவார்கள். தேறிவந்தால் அடிக்குறிப்புச் சரிபார்ப்பு. ‘ஏ.ஐ.ஆர். 1975 எஸ்.சி. 1378’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது என்று வையுங்கள். 1975-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தொகுதியை எடுத்து, 1378-ம் பக்கத்தைத் திறந்தால் கோவிந்த் வழக்கு இருக்க வேண்டும். இருக்கிறது. கட்டுரையாளர் சொல்லும் கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறதா? இருக்கிறது என்றால், நீதிமன்றத்தின் முடிவாகவா, வக்கீலின் வாதமாகவா, போகிற போக்கில் சொன்ன கருத்தாகவா? பிற்பாடு வேறு தீர்ப்பு அதை மாற்றிவிட்டதா? ஒரே ஒரு குறிப்புக்கு இவ்வளவு. கட்டுரைக்கு நூறு குறிப்பு இருக்கும். இதை ஒரு வருடம் செய்த மாணவர், மூத்த வக்கீல் நீட்டும் தீர்ப்பைக்கூடப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் நம்ப மாட்டார். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த வழக்குகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். பக்கத்தைத் திறந்து சரிபார்க்கும் பழக்கம் இன்றைக்கு வக்கீல் தொழிலுக்கே உயிர்.

ஆனால் நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. அவர்கள் வாட்ஸ்அப்பில் பார்ப்பது, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிட்டுச் சான்றிதழ் தரும் இணைய இதழ்களை. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த எண் ஓர் இதழை அடையாளம் காட்ட மட்டுமே. தரத்துக்கு அது சான்றே அல்ல. போலி இதழ்களைக் களையெடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. தரத்தை இனிப் பல்கலைக்கழகங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வந்த பிள்ளை, வீட்டில் வாங்கிய காசில் சான்றிதழ் வாங்குகிறது. ஒரு வரியைக்கூட யாரும் திருத்திக் கொடுப்பதில்லை. இது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

எதைப் பற்றி எழுதுகிறோம் என்பதும் இருக்கிறது. சட்ட இதழைப் பிரித்தால் பதினெட்டாம் நூற்றாண்டு பல்கேரியாவில் இம்மானுவேல் கான்ட்டின் தாக்கம் என்பது போன்ற கட்டுரைதான் இருக்கும், அதனால் நீதிமன்றத்துக்கு என்ன பயன் என்று அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 2011-ல் குறைப்பட்டார். செங்கல்பட்டில் அந்தக் குறைக்கு இடமே இருக்கக் கூடாது. வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறு, 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கின் மூலம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்திய ஆறு. மாமல்லபுரத்தில் நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும் என்கிறது 2010-ம் ஆண்டுத் திருத்தம்; தலைமுறையாக அங்கே குடியிருக்கும் குடும்பம் மாடியில் ஓர் அறை எழுப்ப என்ன பாடுபடுகிறது என்பது முழு ஆய்வுக்குரிய பொருள். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்தி அவர்கள் பிழைப்பைப் பறித்தது; அதே சட்டத்தின் கீழ் கிடைத்த உரிமத்தால் விஷம் எடுத்து, பாம்புக்கடி மருந்துக்குத் தருகிறார்கள். ஒரு சட்டம் ஒரு சமூகத்தை எப்படி வீழ்த்தியது, எப்படி நிறுத்தியது என்று எழுத இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்?

எழுத்தால் சட்டம் மாறுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 1979-ஐ நினைவுபடுத்துகிறேன். மதுரா என்ற பழங்குடிப் பெண்ணைக் காவல் நிலையத்தில் பாலியல் வன்கொடுமை செய்த காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்த பிறகு உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல், எஸ்.சி.சி.யின் கட்டுரைப் பகுதியில் வெளியானது. 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன கல்லூரிகளில் படித்து வெளிவரும் பலர் வாதாடப்போவது செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் நீதிமன்றங்களில். கீழமை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த 1976-லேயே ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அங்கே எழுதப்படும் தமிழ்த் தீர்ப்புகளை முறையாகத் தொகுப்பதில் அறிக்கை இதழ்களுக்கு அக்கறை இல்லை. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்தான் அவற்றின் உலகம். ஆகவே புதுப்பாக்கமும் செங்கல்பட்டும் சேர்ந்து தமிழில் ஓர் ஆய்விதழ் தொடங்கட்டும். மாவட்ட நீதிமன்றங்களின் தீர்ப்புகளை மாணவர்கள் பருவந்தோறும் படித்து, வகைப்படுத்தி, பெயர் மறைக்க வேண்டிய வழக்கில் மறைத்து, குறிப்பெழுதி வெளியிடட்டும். தனியார் பல்கலைக்கழகங்கள் தங்கள் நூலகங்களையும் தரவுத்தளங்களையும் இந்த மாணவர்களுக்குத் திறந்துவிடலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், கொத்தடிமை வழக்குகளிலிருந்து என்பேன். இந்த வட்டாரத்தின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் இருளர்கள். 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழோடு வெளியே வருகிறார்கள். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடியாக ஒரு சிறு தொகை கிடைக்கும். முழு மறுவாழ்வுத் தொகை, முதலாளி மீதான குற்றம் நிரூபணமாவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இப்படிப்பட்ட வழக்குகள் எத்தனை, எத்தனையில் தண்டனை கிடைத்தது, விடுதலையானவை எந்தச் சாட்சியத்தில் சறுக்கின என்று ஒவ்வொரு தீர்ப்பாகப் புரட்டினால் சொல்லிவிடலாம். முதல் இதழை அந்தக் கணக்கோடு கொண்டுவந்து, அடுத்த ஆண்டு அதே வழக்குகளின் மேல்முறையீட்டைத் தொடர வேண்டும்.